பலாப்பழமும் பழைய காரும்

காஞ்சிபுரத்திலிருந்து உத்திரமேரூர் போகும் சாலையில், செய்யாற்றை ஒட்டி இருக்கிறது மாகறல். திருஞானசம்பந்தர் பதிகம் பாடிய திருமாகறலீஸ்வரர் கோயில் இருப்பது இங்கேதான். அந்தக் கோயிலின் தலபுராணத்தில் ஒரு கதை உண்டு. பழைய கார் வாங்கக் கிளம்புகிற ஒவ்வொரு குடும்பமும் கேட்டுவிட்டுப் போகவேண்டிய கதை!

மாகறலில் தினமும் ஒரு பழம் தருகிற அதிசயப் பலாமரம் இருந்ததாம். ராஜேந்திர சோழன் அந்தப் பழத்தைத் தினந்தோறும் சிதம்பரத்துக்கு, நடராஜப் பெருமானின் நைவேத்தியத்துக்கு அனுப்பச் சொல்லி ஆணையிட்டான். புண்ணிய காரியம்தான். ஆனால், சிதம்பரம் என்ன பக்கத்துத் தெருவா? பழத்தைச் சுமந்துகொண்டு காடு மேடெல்லாம் நடந்தது ஊர் ஜனங்கள் - வீட்டுக்கு வீடு முறை வைத்து! ஒரு நாள் ஒரு சிறுவனின் வீட்டு முறை வந்தது. பையன் யோசித்தான். 'மரம் இருந்தால்தானே பழம்... பழம் இருந்தால்தானே சுமை?' மரத்துக்குத் தீ வைத்துவிட்டான்! அவனை ஊர் எல்லைக்கு வெளியே கொண்டுபோய் விட்டுவிட்டுத் திரும்பும் வழியில்தான் மன்னன் கண்ணில் பொன் உடும்பு தட்டுப்பட்டது, அது புற்றுக்குள் நுழைந்தது, சிவபெருமான் வெளிப்பட்டார் என்று புராணம் மேலே போகிறது.

நாம் பையனோடு நின்றுகொள்வோம். மன்னன் கணக்கில் பழம் இனாம். பையன் போட்டது வேறு கணக்கு. பழத்தைத் தினமும் கொண்டுபோய்ச் சேர்க்க என்ன செலவாகிறது, அதை யார் தலையில் கட்டுகிறார்கள்?

வீட்டில் ஆறேழு பேர். சின்ன கார் பத்தாது. புதுசாகப் பெரிய கார் வாங்கக் கட்டுப்படியாகாது. 'பழசில் பெரிசாக ஒண்ணு பார்ப்போமே' என்று கிளம்புகிற எல்லோருக்கும் இதே கேள்விதான். சுவாரஸ்யம் என்னவென்றால், இந்தக் கேள்விக்கு இந்தியாவில் பதில் எழுதியது பெரும்பாலும் காரைச் செய்தவர்கள் அல்ல. அரசாங்கம்!

1953-க்குப் போவோம். கார்களை உதிரிகளாகக் கொண்டுவந்து இங்கே பூட்டி விற்றால் போதாது, இங்கேயே தயாரிக்க வேண்டும் என்ற கொள்கை அந்தச் சமயத்தில் கறாரானது. ஃபோர்டும் ஜெனரல் மோட்டார்ஸும் மூட்டை கட்டின. களத்தில் மிஞ்சிய முக்கியமான கார் கம்பெனிகள் மூன்று. கல்கத்தா அருகே உத்தர்பாராவில் ஹிந்துஸ்தான் மோட்டார்ஸ், பம்பாயில் பிரீமியர், நம்ம சென்னைக்குப் பக்கத்தில் வண்டலூர் வட்டாரத்தில் ஸ்டாண்டர்டு. மூன்றாவது கம்பெனியின் தொழிற்சாலை இருந்தது காஞ்சிபுரமும் சேர்ந்திருந்த அந்தக் காலத்துச் செங்கல்பட்டு மாவட்டத்தில்! இன்று ஸ்ரீபெரும்புதூர், இருங்காட்டுக்கோட்டை, ஒரகடம் என்று கார்கள் பிறக்கிற இந்தச் சீமைக்கு மூத்த பிள்ளை ஸ்டாண்டர்டுதான்.

மூன்று கம்பெனி... நாடு முழுக்க வாடிக்கையாளர்கள்... எத்தனை கார் தயாரிக்கலாம் என்பதற்கு லைசென்ஸ். விளைவு? பணத்தைக் கட்டிவிட்டு வருடக்கணக்கில் காத்திருந்தார்கள். 1969-ல் விலைக்கும் அரசே கடிவாளம் போட்டது. விலை ஏறவில்லை என்பது நல்ல செய்தி. கார் கிடைக்கவில்லை என்பது கெட்ட செய்தி! ஆகவே, நேற்று டெலிவரி எடுத்த காரை இன்று விற்றால், கொடுத்த விலையைவிட அதிகம் கிடைக்கிற விசித்திரம் நடந்தது. 'பழசு என்றால் மலிவு' என்ற இலக்கணமே அன்றைய இந்தியாவில் செல்லுபடியாகவில்லை.

அந்தக் காலத்தில் பெரிய குடும்பத்துக்கு ஒரே தெய்வம் அம்பாஸடர். இங்கிலாந்தின் மாரிஸ் ஆக்ஸ்ஃபோர்டை அச்சாக வைத்து 1957-ல் வந்த வண்டி. முன்னால் பெஞ்ச் மாதிரி ஒரே நீள சீட், ஸ்டீயரிங்கை ஒட்டி கியர். அதனால் டிரைவரோடு சேர்ந்து முன்னால் மூன்று பேர் தாராளம். பின்னால் நான்கு பேர், மடியில் குழந்தைகள், டிக்கியில் சீர்வரிசை. கல்யாணப் பட்டு எடுக்கக் காஞ்சிபுரம் வந்திறங்கிய எத்தனையோ குடும்பங்களை இப்படித்தான் சுமந்து வந்தது அம்பாஸடர்.

ஆனால், 1,489 சி.சி. பெட்ரோல் எஞ்சின் அசுரப்பசி கொண்டது. லிட்டருக்கு ஒன்பது, பத்து கிலோமீட்டர் ஓடினாலே 'பரவாயில்லை, நல்ல வண்டி' என்பார்கள். 1973-ல் அரபு நாடுகள் எண்ணெய்க் குழாயை இறுக்கின. பீப்பாய் சுமார் 3 டாலருக்கு விற்ற கச்சா எண்ணெய், சில மாதங்களில் 12 டாலரை நெருங்கியது. அதுவரை கௌரவச் சின்னமாக வாசலில் நின்ற கார், திடீரென்று தீனி போட்டு மாளாத யானையாகிவிட்டது!

நம்ம ஊர் மெக்கானிக் சும்மா இருப்பாரா? பெட்ரோல் எஞ்சினைக் கழற்றிவிட்டு டீசல் எஞ்சினைப் பொருத்துகிற வித்தை பட்டறைகளில் சூடுபிடித்தது. 1980 வாக்கில் கம்பெனியே டீசல் அம்பாஸடரைக் கொண்டுவந்தது. எஞ்சின் சக்தி 40 குதிரைக்கும் குறைவு. மேடு வந்தால் முனகும். உள்ளே பேசினால் காது கேட்காது. இருந்தும் ஜனங்கள் தேடித் தேடி வாங்கினார்கள். காரணம், டீசல் விலையை டெல்லி தாழ்த்தியே வைத்திருந்தது. லாரி, பஸ், உழவர்களின் பம்புசெட்டுக்காகத் தரப்பட்ட சலுகை. அந்தச் சலுகையில் குடும்பக் காரும் ஓசைப்படாமல் ஏறி உட்கார்ந்துகொண்டது. (ஓசை எஞ்சினிலிருந்துதான்!)

அம்பாஸடருக்கு இன்னொரு பலமும் இருந்தது. எந்த ஊர்ப் பட்டறையிலும் அதைத் திறந்து மூடத் தெரிந்த ஒருவர் இருந்தார். சென்னை புதுப்பேட்டைக்குப் போனால் பம்பரிலிருந்து பிஸ்டன் வரை கிடைத்தது. வண்டி அடிக்கடி ரிப்பேர் ஆகும். ஆனால், ரிப்பேருக்காக சொத்தை விற்க வேண்டியதில்லை.

இந்தக் கணக்கைத் தவறவிட்டால் என்ன ஆகும் என்பதற்கு உதாரணமும் நம் மாவட்டத்திலேயே கிடைத்தது. ஹெரால்டு, கெஸல் என்று சின்னக் கார்கள் தந்த ஸ்டாண்டர்டு, 1985-ல் பிரமாண்டமாகத் திரும்பி வந்தது. ஸ்டாண்டர்டு 2000! இங்கிலாந்தின் ரோவர் எஸ்.டி.1 காரின் உடம்பு. 1977-ல் ஐரோப்பாவின் 'ஆண்டின் சிறந்த கார்' பட்டம் வாங்கிய அழகு. அன்றைய இந்தியாவில் அப்படியொரு வண்டி தெருவில் போனால் எல்லோரும் திரும்பிப் பார்ப்பார்கள். பானெட்டைத் திறந்தால்? பழைய வான்கார்டு வம்சத்து 2 லிட்டர் எஞ்சின்! விலை 2 லட்சம் ரூபாய்க்கு மேல். சில வருஷம் முன்பு, 1983 டிசம்பரில் மாருதி 800 அறிமுகமான விலை சுமார் 47,500 ரூபாய் என்பதோடு ஒப்பிட்டுப் பாருங்கள். கடைசியில், ஸ்டாண்டர்டு 2000 எவ்வளவு எரிபொருள் குடிக்கும் என்று கம்பெனி அறிவித்த கணக்கே சரியில்லை என்று அரசுத் தரப்பில் குற்றச்சாட்டு எழுந்தது. 1988-ல் உற்பத்தி நின்றது. வண்டலூரின் கார் கதை அத்தோடு முடிந்தது.

கம்பெனி மூடினால் நஷ்டம் முதலாளிக்கும் தொழிலாளிக்கும் என்றுதான் நினைப்போம். மூன்றாவதாக ஒருவர் இருக்கிறார். 'அடேயப்பா, இவ்வளவு பெரிய கார் இவ்வளவு மலிவாகவா!' என்று அந்தக் காரை இரண்டாவது கையாக வாங்கியவர். கண்ணாடி உடைந்தால் கண்ணாடி கிடைக்காது. கதவு நசுங்கினால் கதவு கிடைக்காது. மாகறல் பையன் சுமந்த பழத்தை இப்போது சுமப்பது அவர்தான்.

இதே கதை வேறு வேறு பெயர்களில் திரும்பத் திரும்ப நடந்திருக்கிறது. 1994-ல் டாடா சுமோ வந்தது. 2000-ல் டொயோட்டா குவாலிஸ் வந்து, கூட்டுக் குடும்பங்களையும் டிராவல்ஸ்காரர்களையும் ஒருசேர வளைத்துப் போட்டது. 2005-ல், நன்றாக விற்றுக்கொண்டிருந்தபோதே அதை நிறுத்திவிட்டு இன்னோவாவைக் கொண்டுவந்தார்கள். கம்பெனி தொடர்ந்து இங்கே இருந்ததால், குவாலிஸ் வைத்திருந்தவர்கள் அநாதையாகவில்லை. செவர்லே டவேராவுக்கு அந்தக் கொடுப்பினை இல்லை. 2013-ல் புகைப் பரிசோதனை விவகாரத்தில் 1 லட்சத்து 14 ஆயிரம் டவேராக்கள் திரும்ப அழைக்கப்பட்டன. 2017-ல் ஜெனரல் மோட்டார்ஸ் இந்தியாவில் விற்பனையையே நிறுத்திக்கொண்டது. 2021 செப்டம்பரில், மறைமலை நகரில் தொழிற்சாலை வைத்திருந்த ஃபோர்டும் இங்கே கார் தயாரிப்பதை நிறுத்தப்போவதாக அறிவித்தது. சர்வீஸும் உதிரிபாகமும் தொடரும் என்றார்கள். இருந்தாலும், பழைய எண்டெவரைப் பார்க்க வந்தவருக்குப் பேரம் பேசப் புதிதாக ஒரு காரணம் கிடைத்துவிட்டது!

டீசல் சலுகை என்ன ஆனது? 2010-ல் பெட்ரோல் விலைக் கட்டுப்பாடு நீங்கியது, டீசலுக்கு நீங்கவில்லை. 2012 மே மாதத்தில் இரண்டுக்கும் இடையே லிட்டருக்கு 30 ரூபாய் போல வித்தியாசம். ஊரே டீசல் காருக்குப் பாய்ந்தது. 2014 அக்டோபரில் டீசல் கட்டுப்பாடும் போனது. இடைவெளி சுருங்கியது. 2020 ஏப்ரலில் புகை விதிகள் கடுமையானதும், நாட்டின் மிகப்பெரிய கார் கம்பெனியான மாருதி டீசல் கார்களையே கைவிட்டது. இதற்கு நடுவில், டெல்லி வட்டாரத்தில் பத்து வயதான டீசல் கார்களுக்குத் தடை உத்தரவு. 2022 ஏப்ரலிலிருந்து, பதினைந்து வயதான காரின் பதிவைப் புதுப்பிக்கும் கட்டணம் 600 ரூபாயிலிருந்து 5,000 ரூபாய். 2025-ல், இருபது வயதைத் தாண்டிய வண்டிகளுக்கு அது இன்னும் உயர்ந்தது.

கவனித்தீர்களா? கார் அப்படியே இருக்கிறது. அதே எஞ்சின், அதே சீட். டெல்லியில் ஒரு கையெழுத்து மாறுகிறது; மாகறலில் ஒரு குடும்பத்தின் மாதாந்திர பட்ஜெட் மாறுகிறது. புதுக் கார் வாங்குகிறவர் அந்த அடியைத் தாங்கிக்கொள்வார், அல்லது விற்றுவிட்டு வேறு வண்டிக்குப் போவார். அவர் விற்கிறபோது வாங்குவது யார்? நாம்தான்!

ஆகவே, விலையைக் கேட்பதற்கு முன்னால் நாம் ஒரு கணக்குப் போட்டாக வேண்டும். எரிபொருள் லிட்டர் 100 ரூபாய் என்று வைத்துக்கொள்ளுங்கள். 4 லட்சத்துக்கு ஒரு கார். லிட்டருக்கு 10 கிலோமீட்டர் ஓடும். 5 லட்சத்துக்கு இன்னொன்று, 15 கிலோமீட்டர். வருடத்துக்கு 10,000 கிலோமீட்டர் ஓட்டினால், முதல் காருக்கு ஒரு லட்சம் ரூபாய் செலவு. இரண்டாவதற்கு சுமார் 66,700. மூன்றே வருடத்தில், மலிவாக வாங்கியவரின் ஒரு லட்சம் லாபம் புகையாகிவிடும். ஆனால், அதே குடும்பம் குலதெய்வம் கோயிலுக்கும் நாலு கல்யாணத்துக்குமாக வருடம் 3,000 கிலோமீட்டர்தான் ஓட்டுகிறது என்றால்? வித்தியாசம் வருடத்துக்குப் பத்தாயிரம் ரூபாய்தான். அந்த ஒரு லட்சத்தை மீட்கப் பத்து வருடம் ஆகும். அதற்குள் கார் இருக்கிறதோ இல்லையோ! ஆக, மைலேஜைக் கேட்பதற்கு முன்பு நம் வீட்டுக் காலண்டரைக் கேட்க வேண்டும்.

அப்புறம், வண்டியின் வயது. பதினைந்து வயதைத் தொட இன்னும் எத்தனை வருடம் என்று ஆர்.சி. புத்தகத்தில் பாருங்கள். கடன் பாக்கி பதிவாகியிருந்தால், அது தீர்ந்ததற்கான சான்று கேளுங்கள். ஏழு, எட்டுப் பேர் உட்காரும் வண்டிகளில் பாதி, ஒரு காலத்தில் டாக்ஸியாக ஓடியிருக்கலாம். கிலோமீட்டர் மீட்டர் பொய் சொல்லும். தேய்ந்த பிரேக் பெடலும் வழுவழுத்த ஸ்டீயரிங்கும் பொய் சொல்லாது. சர்வீஸ் ரசீதுகளின் தேதியையும் கிலோமீட்டரையும் வரிசையாக வைத்துப் பார்த்தால் குட்டு வெளிப்பட்டுவிடும். கடைசியாக, உங்கள் ஊர் மெக்கானிக்கிடம் ஒரே ஒரு கேள்வி. 'அண்ணே, இந்த வண்டிக்கு கிளட்ச் மாத்தணும்னா எவ்வளவு ஆகும்... சாமான் எத்தனை நாள்ல வரும்?' அவர் பதில் சொல்லத் தயங்கினால், நன்றி சொல்லிவிட்டு அடுத்த வண்டியைப் பாருங்கள்.

காஞ்சிபுரத்தில் பட்டுப்புடவை எடுக்கும்போது நம் வீட்டுப் பெண்களைக் கவனித்திருக்கிறீர்களா? பளபளப்பைக் கண்டு மயங்குவதில்லை. முந்தானையைப் புரட்டி, உள்பக்கத்து நூலைப் பார்த்து, ஜரிகை அசலா என்று நாலு கேள்வி கேட்டு, கடைக்காரரை ஒரு வழி பண்ணிவிட்டுத்தான் பணத்தை எடுப்பார்கள். கார் பார்க்கப் போகும்போது மட்டும் அவர்களை வீட்டிலேயே விட்டுவிட்டுப் போகிறோம். அடுத்த தடவை அவர்களையும் கூட்டிக்கொண்டு போங்கள்!