அரிக்கொம்பனின் மூச்சு: நின்ற நிலை மயக்கத்தில் விடுபடும் கணக்கு

2023 ஏப்ரல் 29 அன்று தேவிகுளத்தை அடுத்த சின்னக்கானலில் அரிக்கொம்பன் என்ற காட்டு யானை பிடிபட்டபோது, நாள் முழுதும் செய்திகளில் ஓடியது மயக்க ஊசிகளின் எண்ணிக்கை. ஊசிக் கணக்கு உள்ளே போன மருந்தை மட்டுமே காட்டும். அது யானையை என்ன செய்தது என்பதை அறிய மூச்சைப் பார்க்க வேண்டும். யானையைப் பிடிக்கும் ஆணையிலேயே மூச்சுப் பதிவையும் நிபந்தனையாக்க வேண்டும் என்பது இக்கட்டுரையின் வாதம்.

மற்ற பாலூட்டிகளில் நுரையீரலுக்கும் மார்புச் சுவருக்கும் நடுவே மெல்லிய இடைவெளி உண்டு. யானைக்கு அந்த இடம் இணைப்புத்திசுவால் நிரம்பியிருப்பதால், விலா, உதரவிதானத் தசைகளின் அசைவையே மூச்சு பெரிதும் நம்பியிருக்கிறது. மயங்கிய யானை மார்பு தரையில் பட அமர்ந்துவிட்டால் குடலின் எடை உதரவிதானத்தை அழுத்தும். உடனே பக்கவாட்டில் சாய்க்காவிட்டால் உயிருக்கே ஆபத்து. சைலசினும் கீட்டமைனும் கலந்து கொடுத்து யானையை நின்றபடியே வைத்திருந்து, பழக்கப்பட்ட கும்கி யானைகளைக் கொண்டு தள்ளி லாரியில் ஏற்றுவதற்கு இதுவும் ஒரு காரணம். ஆனால் நிற்கிற யானை நன்றாகத்தான் மூச்சு விடுகிறது என்ற நம்பிக்கையையும் இந்த முறை எளிதில் உண்டாக்கிவிடுகிறது.

களத்தில் கைவசம் இருக்கும் வழி எளியது. தளர்ந்து தொங்கும் துதிக்கையின் நுனிக்கு நேரே உள்ளங்கையை நீட்டி, வெதுவெதுப்பான ஈரக்காற்று படுவதைக் கடிகாரம் பார்த்து எண்ணுவது. ஓய்வில் நிற்கும் யானைக்கு நிமிடத்துக்கு 4 முதல் 12 வரை இயல்பு. எண்ணிக்கை சரியாக இருந்தாலும் அது போதாது. துதிக்கை நீண்ட குழாய். மேலோட்டமான மூச்சில் பழைய காற்றே அதற்குள் போய்வரும், நுரையீரலுக்குப் புதுக்காற்று குறைவாகவே சேரும். உள்ளங்கை அதையும் ஒரு மூச்சென்றே எண்ணிக்கொள்ளும். வெளிமூச்சின் கரியமில வாயுவை அளக்கும் கருவியும், நாக்கிலோ காதோரத்திலோ மாட்டும் பல்ஸ் ஆக்ஸிமீட்டரும் தேவைப்படுவது இதனால்தான். தடித்த கருந்தோலில் ஆக்ஸிமீட்டர் தடுமாறும் என்பது உண்மை. அரைமயக்கத்தில் தலையாட்டும் கொம்பனிடம் கருவியோடு போ என்று கால்நடை மருத்துவரிடம் சொல்வதும் நியாயமல்ல. ஆனால் கால்கள் கட்டப்பட்டு லாரியில் மணிக்கணக்காகப் பயணிக்கும் யானைக்கு இந்தச் சமாதானம் பொருந்தாது. கூடுதல் டோஸ்களின் விளைவு நீடிப்பதும் அந்தக் கட்டத்தில்தான்.

ஆய்வகத்து எலியைச் சோதனைக்கு உட்படுத்த 1998ஆம் ஆண்டு விதிகளின்படி நெறிமுறைக் குழுவின் அனுமதி வேண்டும். காட்டு யானைக்கு 1972ஆம் ஆண்டு வனவுயிர்ச் சட்டத்தின் 11ஆம் பிரிவு, பிடிப்பதிலும் இடம் மாற்றுவதிலும் அதிர்ச்சி மிகக் குறைவாக இருக்க வேண்டும் என்கிறது. நல்ல சொற்கள்தான். அளவீடு இல்லாமல் குறைவு, கூடுதல் என்று எதை வைத்துச் சொல்வது?

தண்ணீர்க் கொம்பன் என்ற காட்டு யானையை எடுத்துக்கொள்வோம். 2024 ஜனவரியில் ஹாசனில் பிடித்து, ரேடியோ காலர் மாட்டி, பந்திப்பூரில் விட்டார்கள். பிப்ரவரி 2 அன்று மானந்தவாடியில் மறுபடி ஊசி. பந்திப்பூர் கொண்டுபோன மறுநாளே இறந்தது. நுரையீரலில் நோய்த்தொற்று இருந்ததாகப் பிரேதப் பரிசோதனைக்குப் பின் செய்தி வந்தது. மயக்கம்தான் கொன்றது என்று இதை வைத்துச் சொல்லிவிட முடியாது. ஆனாலும் முதல் மயக்கத்தின்போது எடுக்கும் மூச்சுப் பதிவு, அப்படியொரு நோயை முன்கூட்டியே சந்தேகிக்க வைக்கக்கூடியது.

அரிக்கொம்பனும் கொண்டுபோய் விடப்பட்ட பெரியாறு காட்டில் நிற்கவில்லை. கம்பம் நகருக்குள் வந்து, 37 நாள் இடைவெளியில், ஜூன் 5 அன்று தேனி மாவட்டத்தில் மறுபடி ஊசி வாங்கியது. இம்முறை போட்டது தமிழ்நாடு வனத்துறை. ஆகவே பதிவு பிடித்த மாநிலத்தின் கோப்போடு நின்றுவிடக் கூடாது. ரேடியோ காலரின் எண்ணோடு சேர்ந்து, யானை போகும் மாநிலத்து மருத்துவரின் கைக்கும் அது போய்ச் சேர வேண்டும்.