பவர் ஸ்டியரிங் ஒயிலை வீட்டிலேயே மாற்றுவது எப்படி? பழைய வாகனம் வைத்திருப்போர் அறிய வேண்டியவை

2020 மார்ச்சில் இலங்கை வாகன இறக்குமதியை நிறுத்தியது. தனிப்பட்ட பாவனைக்கான கார்களை மீண்டும் கொண்டுவர 2025 பெப்ரவரியில்தான் வழி திறந்தது. அதன் பின்னரும் வரிச்சுமையால் புதிய வாகனம் பலருக்கு எட்டாக்கனியாகவே இருக்கிறது. இதனால் இருபது, இருபத்தைந்து வருடங்கள் ஓடிய கொரோலாக்களும் சனிகளும் ஹைஏஸ் வான்களும் இன்னும் திருகோணமலை வீதிகளில் உழைத்துக்கொண்டிருக்கின்றன. இவற்றின் உரிமையாளர்கள் எஞ்ஜின் ஒயிலைக் காலம் தவறாமல் மாற்றுவார்கள். ஸ்டியரிங் ஒயிலை மட்டும், அது கறுத்து, பம்ப் இரையத் தொடங்கும்வரை, பெரும்பாலும் எவரும் திரும்பிப் பார்ப்பதில்லை.

பம்ப், ஸ்டியரிங் ரேக் இரண்டில் எது பழுதானாலும் செலவு பெரிது. அதைத் தள்ளிப்போட உதவுவது ஒன்றிரண்டு லீற்றர் ஒயிலும் ஒரு காலைப்பொழுதும்தான்.

உங்கள் வாகனத்தில் ஒயில் இருக்கிறதா?

முதலில் இதைப் பாருங்கள். பிரியஸ், அக்வா, வெகன் ஆர் போன்றவற்றில் ஸ்டியரிங்கைத் திருப்ப உதவுவது மின்மோட்டார். அவற்றில் மாற்றுவதற்கு ஒயிலே கிடையாது. போனட்டைத் திறந்தால் பெல்ட்டில் சுற்றும் பம்ப் ஒன்றும், ஸ்டியரிங் சக்கரப் படம் பொறித்த மூடியுடன் சிறு ஒயில் தொட்டியும் இருக்குமானால் உங்களுடையது ஒயிலில் இயங்கும் வகை. பம்ப் ஒயிலை அழுத்தி ரேக்குக்கு அனுப்புகிறது. அந்த அழுத்தம் சக்கரங்களைத் திருப்பக் கைகொடுக்கிறது. வேலை முடிந்த ஒயில் இன்னொரு ஹோஸ் வழியாகத் தொட்டிக்குத் திரும்புகிறது.

மாற்றும் காலம் வந்துவிட்டதா?

பல உற்பத்தியாளர்கள் இதற்குக் காலக்கெடு சொல்வதில்லை. 50,000 முதல் 80,000 கிலோமீற்றருக்கு ஒருமுறை என்பது மெக்கானிக்குகளின் பொதுவான வழக்கம். ஒரு சொட்டை வெள்ளைக் கடதாசியில் விட்டுப் பாருங்கள். சிவப்பாகவோ தெளிவாகவோ இருந்தால் நல்லது. கடும் பழுப்பாகவோ கறுப்பாகவோ இருந்தால், கருகிய வாடை வீசினால், மாற்ற வேண்டும். உலோகத் தூள் மினுங்கினால் பம்ப் தேய்கிறது என்று பொருள். அதற்கு ஒயில் மாற்றம் மருந்தல்ல, மெக்கானிக்கிடம் காட்டுங்கள்.

ஸ்டியரிங் கனத்தால் உடனே ஒயிலைக் குறைசொல்லவும் வேண்டாம். டயரில் காற்றுக் குறைவு, தளர்ந்த பெல்ட் ஆகியவையும் அதே தொல்லையைத் தரும்.

எந்த ஒயில்?

தொட்டியின் மூடியிலோ வாகனக் கைநூலிலோ எழுதியிருப்பதே இறுதி வார்த்தை. பழைய டொயோட்டாக்கள் பலவற்றுக்கு டெக்ஸ்ரொன் வகை ஏ.டி.எஃப். பொருந்தும். ஹொண்டா தனக்கென்று தனி ஒயில் கேட்கிறது. ஐரோப்பிய வாகனங்கள் பலவற்றுக்கு வேறு வகை. பிரேக் ஒயிலை ஒருபோதும் ஊற்றாதீர்கள். அது ரப்பர் சீல்களை ஊதவைத்து முழு அமைப்பையும் கெடுத்துவிடும். கலப்படத்துக்கு இடம் கொடுக்காமல், உதிரியாக அளந்து ஊற்றும் ஒயிலைத் தவிர்த்து, முத்திரை உடையாத போத்தலையே வாங்குங்கள்.

தேவையானவை

இரண்டு லீற்றர் ஒயில், பெரிய சிரிஞ், ஒரு மீற்றர் தெளிவான ஹோஸ், வெற்றுப் போத்தல், தொட்டியின் வாயை அடைக்க ஒரு ரப்பர் மூடி, ஜக், இரண்டு இரும்புத் தாங்கிகள், சக்கரத்துக்கு அண்டைக் கல், கையுறை, பழந்துணி. கூடவே உதவிக்கு ஒருவர்.

செய்முறை

1. எஞ்ஜின் ஆறிய பின், சமதரையில் வாகனத்தை நிறுத்தி, கைப் பிரேக் போட்டு, பின்சக்கரங்களுக்கு அண்டைக் கல் வையுங்கள். முன்பக்கத்தை உயர்த்தித் தாங்கிகளில் நிறுத்துங்கள். கடற்கரையோர வளவுகளின் மணலில் ஜக் புதையும். சீமெந்துத் தரை இல்லையென்றால் இந்த முறையைக் கைவிட்டு, கீழே சொல்லும் இலகு வழியைப் பின்பற்றுங்கள்.

2. தொட்டியிலுள்ள பழைய ஒயிலைச் சிரிஞ்சால் உறிஞ்சி எடுங்கள்.

3. தொட்டியில் இரண்டு ஹோஸ்கள் இணைந்திருக்கும். தடித்தது பெரும்பாலும் பம்புக்குப் போவது, மெல்லியது திரும்பி வருவது. மெல்லியதைக் கழற்றி, தொட்டியின் வாயை மூடியால் அடையுங்கள். கழற்றிய ஹோஸைத் தெளிவான ஹோஸுடன் இணைத்துப் போத்தலுக்குள் விடுங்கள். இரும்பு முனையால் முறுக்கப்பட்ட உயரழுத்த ஹோஸில் கைவைக்க வேண்டாம்.

4. தொட்டியில் புது ஒயில் நிரப்புங்கள். எஞ்ஜினை இயக்காமல், திறப்பைத் திருப்பி ஸ்டியரிங் பூட்டை மட்டும் விடுவித்து, உதவியாளர் ஸ்டியரிங்கை ஒரு கோடியிலிருந்து மறு கோடிவரை மெதுவாகத் திருப்பட்டும். பழைய ஒயில் போத்தலில் விழும். தொட்டி வற்றவிடாமல் ஊற்றிக்கொண்டே இருங்கள். வற்றினால் காற்றுப் புகும்.

5. ஹோஸில் புது நிறம் தெரிந்ததும் நிறுத்தி, ஹோஸைப் பழைய இடத்தில் பொருத்துங்கள். கிளிப் இறுக்கமாக இருக்கிறதா என்று பாருங்கள்.

6. தொட்டியைக் குளிர் நிலைக் கோடுவரை நிரப்பி, எஞ்ஜின் நின்றபடியே மேலும் பத்துப் பதினைந்து தடவை கோடிக்குக் கோடி திருப்புங்கள். மட்டம் இறங்கினால் ஊற்றுங்கள். பின்னர் எஞ்ஜினை இயக்கி மெதுவாகத் திருப்புங்கள். கோடியில் ஐந்து விநாடிக்கு மேல் பிடித்து வைக்காதீர்கள், அங்குதான் அழுத்தம் உச்சத்துக்குப் போகிறது. நுரை வந்தால் உள்ளே காற்று இருக்கிறது. எஞ்ஜினை நிறுத்தி, நுரை அடங்கிய பின் மீண்டும் செய்யுங்கள்.

7. வாகனத்தை இறக்கி, சிறு தூரம் ஓட்டிவந்து, மட்டத்தையும் கசிவையும் மறுபடி பாருங்கள்.

இலகு வழி

ஹோஸைக் கழற்றத் தயங்குவோர், தொட்டி ஒயிலை மட்டும் உறிஞ்சிப் புதிது ஊற்றி, சில நாள் ஓடிய பின் மறுபடி செய்யலாம். மொத்த ஒயிலில் மூன்றில் ஒரு பங்கு தொட்டியில் இருப்பதாகக் கொண்டால், மூன்று தடவையில் சுமார் 70 வீதமும், ஐந்து தடவையில் சுமார் 87 வீதமும் புதிதாகிவிடும். ஒயில் கொஞ்சம் கூடுதலாகச் செலவாகும். ஆனால் ஜக்கும் வேண்டாம், ஆபத்தும் குறைவு.

கடற்காற்றும் துருவும்

துறைமுகத்தை அண்டி, உப்புக் காற்றில் நிற்கும் வாகனங்களில் ஹோஸ் கிளிப்புகளும் இரும்புக் குழாய்களும் விரைவில் துருப்பிடிக்கும். துருவேறிய கிளிப்பைக் குறடால் நெரித்தால் முறிந்துவிடலாம். வேலையைத் தொடங்குமுன் புதுக் கிளிப் ஒன்றை வாங்கி வைப்பது நல்லது. குழாயே அரித்துப்போய் ஈரம் கசிந்தால் முதலில் அதை மாற்றுங்கள். கசியும் குழாயில் புது ஒயில் ஊற்றுவது ஓட்டைக் குடத்தில் தண்ணீர் நிரப்புவதுதான்.

பழைய ஒயிலை என்ன செய்வது?

வேலிக் கட்டைகளில் கறையானுக்குப் பூசுவதும், வளவின் மூலையில் ஊற்றுவதும் இங்கு பழகிப்போன செயல்கள். மணற்பாங்கான நிலத்தில் அது நேராகக் கீழிறங்கும். பல குடும்பங்கள் குடிப்பது அதே நிலத்தின் கிணற்று நீரைத்தான். கானில் ஊற்றினால் அது போய்ச் சேர்வது மீனவர் வலைவீசும் கடலில். 1980ஆம் ஆண்டின் 47ஆம் இலக்க தேசிய சுற்றாடல் சட்டத்தின் கீழான ஒழுங்குவிதிகளும் கழிவு ஒயிலைக் கட்டுப்பாட்டுக்குரிய கழிவாகவே கருதுகின்றன. புது ஒயில் வந்த போத்தலிலேயே அடைத்து, கழிவு ஒயில் சேகரிக்கும் வாகன சேவை நிலையத்தில் ஒப்படையுங்கள். தண்ணீரோ பெற்றோலோ கலக்காமல் கொடுத்தால்தான் அதை மீளப் பயன்படுத்த முடியும்.