அகதிகளைச் சுமந்த மீன்பிடிப் படகுகள்



வரலாறு என்றவுடன் எமக்கு ஞாபகம் வருவது அரசர்களும் கோட்டைகளும்தான். ஒரு மீன்பிடிப் படகுக்கும் வரலாறு உண்டு, அதையும் பழைய கோவிலைத் திருத்துவதுபோலத் திருத்திக் காக்கலாம் என்பதை நோர்வேக்கு வந்த பிறகுதான் நான் கண்டேன். அகதிகளாகிய நாம் அறிய வேண்டிய கதை என்பதால் இங்கே எழுதுகிறேன்.

மோட்டார் வந்த காலம்

துடுப்பையும் பாயையும் நம்பியிருந்த நோர்வே மீனவர்களிடம் 1900களின் தொடக்கத்தில் மோட்டார் வந்து சேர்ந்தது. மேற்குக் கரையில் விக்மான் என்ற பெயரில் 1903இலேயே இயந்திரம் செய்யத் தொடங்கிவிட்டார்கள். அக்காலத்து இயந்திரத்தை இன்றையதுபோலச் சாவி போட்டு இயக்க முடியாது. அதன் தலையிலுள்ள இரும்புக் குமிழை ஊதுவிளக்கால் நன்றாகச் சூடாக்க வேண்டும். பிறகுதான் அது ‘டொங், டொங்’ என்று மெதுவாக அடிக்கத் தொடங்கும். சத்தத்தைக் கேட்டே எந்தப் படகு வருகிறது என்று கரையில் நிற்பவர்கள் சொல்லிவிடுவார்களாம்.

போர்க்காலம்

1940 ஏப்ரல் 9ஆம் திகதி ஜேர்மன் படைகள் நோர்வேயில் இறங்கின. நாட்டை விட்டுத் தப்பியோட முயன்றால் மரண தண்டனை என்று 1941இல் அறிவித்தார்கள். ஆனாலும் சனம் ஓடியது. மேற்குக் கரையிலிருந்து மூவாயிரத்துக்கும் மேற்பட்டோர் கடல் கடந்து பிரித்தானியா போனார்கள். பெரும்பாலும் மீன்பிடிப் படகுகளில்தான் போனார்கள். ஓலசுண்ட் நகரிலிருந்து இப்படிப் போனவர்கள் அதிகம். அதனால் அந்த நகருக்கு ‘சின்ன லண்டன்’ என்றே பெயர் வந்தது.

அப்படிப் போன கடலோடிகள் சிலர் அங்கே சும்மா இருக்கவில்லை. ஸ்கொட்லாந்துக்கு வடக்கேயுள்ள ஷெட்லாண்ட் தீவுகளிலிருந்து அதே படகுகளில் திரும்பி வந்தார்கள். வரும்போது ஆட்களையும் ஆயுதங்களையும் இறக்கினார்கள், போகும்போது அகதிகளை ஏற்றினார்கள். ‘ஷெட்லாண்ட் பஸ்’ என்று இதைச் சொல்வார்கள். ஏறத்தாழ 200 கடல் மைல், ஒரு பகலும் ஓரிரவும் ஓட வேண்டும். இருட்டு வேண்டுமென்பதால் மாரிகாலத்தில்தான் ஓடினார்கள், புயலும் அப்போதுதான். மற்ற மீன்பிடிப் படகுகளைப் போலவே தோற்றமும் சத்தமும் இருந்ததுதான் அவற்றுக்குப் பாதுகாப்பு. போர் முடியும்வரை இந்தச் சேவை 373 அகதிகளைக் கரை சேர்த்தது. சேவையில் ஈடுபட்ட 44 பேர் உயிரிழந்தார்கள். 1943இன் பிற்பகுதியில் அமெரிக்கா மூன்று வேகக் கப்பல்களைக் கொடுக்கும்வரை பாரம் முழுவதையும் மரப்படகுகளே சுமந்தன.

போர் முடிந்ததும் படகுகள் பழையபடி மீன்பிடிக்கப் போய்விட்டன. பிறகு இரும்பும் கண்ணாடியிழையும் வந்தன. மரப்படகுகளை அழித்தால் பணம் தருவோம் என்று அரசாங்கமே ஒரு காலத்தில் சொன்னது. நல்ல படகுகள் பலவும் அதில் அழிந்தன. தப்பியவற்றில் ஒன்று 1937இல் கட்டப்பட்ட ‘ஹேலான்ட்’. ஷெட்லாண்ட் ஓடிய அந்தப் படகை இன்று ஓலசுண்ட் சுன்மோர் அருங்காட்சியகம் பராமரிக்கிறது.

திருத்தும் வேலை

நான் மீன் தொழிற்சாலையில் வேலை செய்கிறேன். எங்களோடு வேலை செய்து ஓய்வுபெற்ற ஒருவர், சனிக்கிழமைகளில் ஒரு பழைய படகைத் திருத்தும் இடத்துக்கு என்னைக் கூட்டிப்போனார். போரில் ஓடிய படகல்ல, ஆனால் அதே காலத்தது.

முதலில் எனக்கு விளங்காத விசயம், மரத்தை உக்க வைப்பது கடல் தண்ணீர் இல்லையாம், மழைத் தண்ணீராம். மேல்தட்டின் இடுக்கால் நல்ல தண்ணீர் இறங்கி உள்ளே தங்கினால் வங்குகள் உக்கிவிடும். உக்கிய துண்டை மட்டும் எடுத்து, அதே சாதி மரத்தில் அதே அளவில் புதிய துண்டைப் பொருத்துகிறார்கள். கழற்றுமுன் அளந்து, படமெடுத்து, கொப்பியில் எழுதிக்கொள்கிறார்கள். இயந்திரத்துக்கு உதிரிப்பாகம் கடையில் கிடையாது. கைவிடப்பட்ட வேறு படகிலிருந்து கழற்றுவார்கள், இல்லாவிட்டால் வார்ப்பித்து எடுப்பார்கள்.

பலகை இடுக்குகளில் தார் தோய்த்த சணலை அடித்து இறுக்குவதை எங்கள் கரையில் கலப்பற்று என்போம். எங்கட அப்பு அதைச் செய்வதைச் சின்ன வயதில் பார்த்திருக்கிறேன். உளியும் சுத்தியலும் கையில் தந்தபோது அது எனக்குப் புதிய வேலையாகத் தெரியவில்லை. இறக்கிய முதல் நாள் படகு ஒழுகத்தான் செய்யும், மரம் ஊறிப் பொருமினால் தானாக அடைபடும் என்று அவர்கள் சொன்னதையும் அப்புவிடம் முன்பே கேட்டிருக்கிறேன்.

அங்கே பெரிய வாக்குவாதம் ஒன்று, படகை எந்த ஆண்டுத் தோற்றத்துக்குத் திருத்துவது என்பது. கட்டியபோது இருந்ததுபோலவா, பிறகு பெரிய சுக்கான் அறை வைத்த காலத்ததுபோலவா? பிந்திய மாற்றமும் அந்தப் படகின் வாழ்க்கைதானே என்பது என் எண்ணம்.

எங்கள் படகுகள்

தேநீர் நேரத்தில் அந்தப் பெரியவர் கேட்டார், “உங்கட ஆக்கள் எந்தப் படகுகளில் தப்பினவை?” 1990களின் தொடக்கத்தில் என்னை மடியில் வைத்துக்கொண்டு அம்மா கிளாலிக் கடல் கடந்ததைச் சொன்னேன். படகின் பெயர் என்ன, ஓட்டியவர் யார், என்ன இயந்திரம் என்றார். அன்றிரவே அம்மாவுக்குப் போன் எடுத்தேன். “இருட்டுக்குள்ள ஆர் மோனை பேர் கேட்டது? அந்தப் பெடியன் காசும் வாங்கேல்லை” என்றார்.

நோர்வேயும் எமது கடலும் தொடர்பில்லாதவையுமல்ல. குருநகரிலிருந்து 1956இல் இங்கு வந்த அந்தோனி இராஜேந்திரம் அவர்களின் முயற்சியால்தான் 1967இல் சீ-நோர் திட்டம் தொடங்கியது. காரைநகரில் படகுகள் கட்டினார்கள், குருநகரில் வலை செய்தார்கள். அந்தப் படகுகளிலும் மன்னாரிலிருந்து இராமேஸ்வரம் போன வள்ளங்களிலும் எத்தனை இன்று மிஞ்சியிருக்கும்? எரிந்ததும், உடைந்ததும், மணலில் உக்கியதும்தான் அதிகம். அவற்றை இங்கிருந்து எம்மால் திருத்த முடியாது.

ஆனால் கொப்பியில் எழுதும் வேலையை நாம் செய்யலாம். ஓட்டியவர்களும் ஏறியவர்களும் இன்னும் எம்மிடையே இருக்கிறார்கள். எந்தக் கரை, எந்த மாதம், எத்தனை பேர், என்ன இயந்திரம், யார் ஓட்டினார் என்று வீட்டிலுள்ள பெரியவர்களிடம் கேட்டு எழுதுங்கள். ஊரில் இருப்பவர்களுக்கு ஆபத்து வருமென்றால் பெயரை விட்டுவிடலாம். எழுதியதைச் சங்கத்தில் கொடுங்கள், அடுத்த ஆண்டு மலரில் சேர்ப்போம். பிள்ளைகளையும் பக்கத்தில் இருத்திக் கேளுங்கள், அவர்களுக்கும் தெரியட்டும்.