நந்தவனம், இலவந்திகை: இரு சொற்களின் கதை

டோக்கியோ மாநகரில் ரிகுகியென் என்றொரு பழைய தோட்டம் இருக்கிறது. யனகிசாவா யோஷியாசு என்ற பிரபு 1695இல் ஷோகனிடம் நிலம் பெற்று, ஏழாண்டு பாடுபட்டு, 1702இல் முடித்தது. நடுவே பெரிய குளம், குளத்துக்குள் தீவு, கரையோரம் வளைந்து வளைந்து போகும் நடைபாதை, ஒருபுறம் ஒரு செய்குன்று. நடக்க நடக்கக் காட்சி மாறிக்கொண்டே வரும். அப்படி அமைத்த காட்சிகள் 88. பழைய கவிதைகளில் பேர்பெற்ற இடங்களை நினைவூட்டும்படி அவற்றை அமைத்தார்கள். தோட்டத்தின் பெயரே கவிதையின் ஆறு நெறிகளைக் குறிப்பதுதான். சுற்றி உலாவிப் பார்ப்பதற்கென்றே அமைந்த இவ்வகைத் தோட்டத்தை ஜப்பானியர் ‘கையூஷிகி’ என்கிறார்கள். சுற்றி உலாவும் பாணி என்பது அதன் பொருள்.

இப்படிப்பட்ட தோட்டங்களைப் பார்த்துவிட்டு வந்து பயணக் கட்டுரை எழுதும் தமிழர் பலர், ‘அழகிய நந்தவனம்’ என்று எழுதிவிடுகிறார்கள். உடையார்பாளையத்துக்காரர்களான எங்களுக்கு அந்தச் சொல் அங்கே பொருந்தாது. எங்கள் ஊர்ப் பெரியவர்கள் நந்தவனம் என்றால் உலாவப் போகும் இடத்தைச் சொல்வதில்லை. விடியற்காலையில் குளித்துவிட்டுக் குடலையோடு பூவெடுக்கப் போகும் இடத்தைச் சொல்வார்கள். ஊர்ப் பயறணீசுவரர் கோயிலில் அம்மனின் பெயரே நறுமலர்ப் பூங்குழல் நாயகி. அந்தக் குழலுக்குப் போகவேண்டிய பூ வேறெங்கும் போகக்கூடாது என்பது ஊர் அறிந்த முறை.

நந்தவனம் வடசொல் வழிவந்தது. இந்திரனுடைய தோட்டத்துக்கு நந்தனம் என்று பெயர். மகிழ்ச்சி தருவது என்று பொருள். அறுபது ஆண்டு வட்டத்தில் 26ஆவதாக வரும் நந்தன ஆண்டும் இதே வேரிலிருந்து வந்ததுதான். நந்தனவனம் தமிழில் வழங்கி வழங்கி, நடுவில் இருந்த னகரம் தேய்ந்து நந்தவனம் ஆயிற்று.

இதற்குத் தமிழ் வேர் காட்டுவோரும் உண்டு. ‘நந்து’ என்ற தமிழ் வினைக்குத் தழைத்தல் என்றும் கெடுதல் என்றும் நேர்மாறான இரண்டு பொருள்கள் உள்ளன. தழைக்கும் வனம் நந்தவனம் என்றும், நந்தாத, அதாவது கெடாத வனம் என்றும் பொருள் சொல்லலாம். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் நந்தனவனம் என்ற முழு வடிவமே இலக்கியத்தில் இருக்கும்போது அந்த விளக்கம் நிற்காது. இந்த மயக்கத்துக்கு ஒரு காரணம் எனக்குத் தோன்றுகிறது. சோழர் காலக் கல்வெட்டுகளில் கோயிலுக்கு விட்ட கொடைகளாக இரண்டு அடிக்கடி வரும்: ஒன்று திருநந்தாவிளக்கு, மற்றொன்று திருநந்தவனம். நந்தாவிளக்கில் இருப்பது தமிழ் நந்து, அணையாத விளக்கு. நந்தவனத்தில் இருப்பது வடமொழி நந்தனம். வேறு வேறு குடும்பத்துச் சொற்கள் கோயில் சுவரில் பக்கத்தில் பக்கத்தில் நின்றதால் உடன்பிறப்புகள் போல ஆகிவிட்டன.

சொல் இந்திரலோகத்தில் பிறந்தாலும், நம் நிலத்தில் வேர்விட்டபோது பொருள் மாறிவிட்டது. அங்கே அது தேவர்களின் இன்பச் சோலை. இங்கே இறைவனுக்குப் பூத்தரும் தோட்டம். கேளிக்கைக்கு அதில் இடமே இல்லை. திருநந்தவனத்துக்கு நிலம் விட்டார்கள், அதைப் பார்த்துக்கொள்வோருக்குச் சோறும் துணியும் கிடைக்க வழி செய்தார்கள். அங்கிருந்து வரும் மாலைக்குத் திருப்பள்ளித்தாமம் என்று பெயர். பறிக்க ஆள், தொடுக்க ஆள் என்று தனித்தனி. பெரியாழ்வார் ஆண்டாளைத் துளசிச் செடியருகே கண்டெடுத்தது ஸ்ரீவில்லிபுத்தூர் நந்தவனத்தில். தொண்டரடிப்பொடியாழ்வார் வாழ்நாளைக் கழித்தது திருவரங்கத்து நந்தவனத்தில். இருவரும் அங்கே உலாவியவர்களல்லர். கொத்தியவர்கள், நீர் வார்த்தவர்கள்.

அந்தப் பூவின் மேல் எவ்வளவு கட்டுக்காவல் இருந்தது என்பதற்குப் பெரியபுராணத்தில் நடுங்கவைக்கும் ஒரு நிகழ்ச்சி உண்டு. திருவாரூர்க் கோயிலில் அரசர் கழற்சிங்கரின் பட்டத்தரசி கீழே கிடந்த பூ ஒன்றை எடுத்து முகர்ந்தாள். செருத்துணை நாயனார் அவள் மூக்கை அறுத்தார். அரசர் வந்து, பூவை எடுத்த கைதானே முதலில் தவறியது என்று கையை வெட்டினார். அந்தக் கொடுமையை இன்று யாரும் நியாயப்படுத்த முடியாது. ஆனால் நந்தவனம் என்ற சொல்லின் எல்லை எது என்பதை இதைவிடத் தெளிவாக எந்த அகராதியும் காட்டாது. முகர்வதற்கே இடமில்லாத பூ, உலாவிக் களிக்கும் தோட்டத்துப் பூ ஆகாது.

நந்தவனத்தில் பூவெடுப்பதைப் பக்கத்தில் நின்று பார்த்தால் இது இன்னும் விளங்கும். இருட்டு விலகுமுன் எடுக்கவேண்டும். வண்டு வந்து அமர்வதற்குள் முடிக்கவேண்டும். அரளியும் நந்தியாவட்டையும் காம்போடு கிள்ளப்படும். தரையில் விழுந்த பூவைத் தொடமாட்டார்கள். பவழமல்லிக்கு மட்டும் விலக்கு. இரவில் மலர்ந்து விடியலில் தானே உதிர்ந்துவிடும் பூ அது, பறிக்க நேரமே தராது. அதனால் மரத்தடியைக் கூட்டிச் சாணம் தெளித்து வைப்பார்கள், அல்லது வெள்ளைத் துணி விரிப்பார்கள். தொடுப்பது வாழைநாரில்; நாரை நனைத்துக் கிழித்து விரலிடுக்கில் பிடித்து. எச்சில் படக்கூடாதென்று வாயைத் துணியால் கட்டிக்கொண்டு தொடுப்போரும் உண்டு.

இந்த வேலையைச் செய்தோரைக் கல்வெட்டுகள் ஆண்டார் என்கின்றன. கடுவெளிச் சித்தர் பாடலில் ஆண்டி ஒருவன் நந்தவனத்தில் இருப்பது தற்செயல் அல்ல என்றே எண்ணுகிறேன். நந்தவனத்தைக் காத்துக் கிடந்தவர்கள் உண்மையிலேயே ஆண்டிகளும் பண்டாரங்களும்தான். உடம்பைப் பற்றிய தத்துவமாக நாம் கேட்கும் அந்தப் பாட்டுக்குக் கீழே தெரிந்த ஓர் உலகக் காட்சி இருக்கிறது.

அப்படியானால், குளத்தைச் சுற்றி உலாவுவதற்கென்றே அமைத்த தோட்டத்துக்குத் தமிழில் பெயர் இல்லையா? இருக்கிறது: இலவந்திகை. வேண்டும்போது நீரை நிரப்பவும் வேண்டாதபோது வடிக்கவும் பொறி அமைந்த வாவி, அதைச் சூழ்ந்த சோலை, அரசனும் அவன் உரிமை மகளிரும் மட்டும் ஆடி உலவும் காவலிடம் என்று உரைகள் அதை விளக்குகின்றன. புறநானூற்றில் இரண்டு அரசர்களின் பெயரோடு இந்தச் சொல் ஒட்டியிருக்கிறது. பாண்டியன் இலவந்திகைப்பள்ளித் துஞ்சிய நன்மாறன் ஒருவன். சோழன் இலவந்திகைப்பள்ளித் துஞ்சிய நலங்கிள்ளி சேட்சென்னி மற்றொருவன். இறந்த இடத்தால் அரசனை அடையாளம் சொல்லும் அளவுக்கு அந்தத் தோட்டம் பேர்பெற்றிருந்தது.

மணிமேகலைக் காப்பியத்தில் இந்தச் சொல் இன்னும் தெளிவாக நிற்கிறது. தலைவி மணிமேகலையின் கண்ணீர் பட்டு அவள் தொடுத்த மாலை தூய்மை கெட்டுவிட, புதுப் பூக் கொண்டுவர அவளை அனுப்ப நேர்கிறது. புகாரில் எந்தச் சோலைக்குப் போகலாம், எதற்குப் போகக்கூடாது என்று தோழி சுதமதி சொல்கிறாள். இலவந்திகைப் பக்கம் போனால் அரசனின் ஆட்கள் இருப்பார்கள், உய்யானத்தைப் பூதம் காக்கிறது, சம்பாதிவனமும் கவேரவனமும் தெய்வக் காவல் உடையவை, உவவனம்தான் ஏற்றது. ஒரே நகரில் ஐந்து தோட்டம், ஐந்துக்கும் வேறு வேறு பெயர், வேறு வேறு பயன். இன்று எல்லாவற்றையும் ‘பூங்கா’ என்ற ஒரே சொல்லில் அடக்கிவிட்டோம். தொழிற்பேட்டையைக்கூடத் தொழிற்பூங்கா என்கிறோம். பூங்கா நல்ல பழந்தமிழ்ச் சொல்தான், ஆனால் எல்லாவற்றையும் சுமந்தால் எதையும் தனித்துக் காட்டமுடியாது.

இலவந்திகை என்ற சொல் நம் கைக்குத் திரும்பி வந்ததில் எங்கள் பக்கத்துக்கும் ஒரு தொடர்பு உண்டு. உடையார்பாளையம் ஜமீன்தார்கள் கச்சி என்ற அடைமொழியைத் தாங்கியவர்கள், இசையை ஆதரித்தவர்கள். அவர்களுடைய அவையில் இருந்தவர் கனம் கிருஷ்ணையர். அவரிடம் சங்கீதம் கற்ற வேங்கடசுப்பையரின் மகன்தான் உ. வே. சாமிநாதையர். சிறுவயதில் அரியலூரிலும் குன்னத்திலும் தமிழ் படித்த அந்தப் பிள்ளை, பின்னாளில் ஏடு ஏடாகத் தேடிச் சிலப்பதிகாரத்தை 1892இலும், புறநானூற்றை 1894இலும், மணிமேகலையை 1898இலும் பதிப்பித்தார். இலவந்திகை என்ற சொல் வாழும் நூல்கள் இந்த மூன்றும். செல்லரித்த ஏட்டோடு போயிருந்தால் அப்படியொரு தோட்டம் இருந்ததென்றே நமக்குத் தெரிந்திராது. சொல் ஏட்டில் தப்பியது, தோட்டம் அப்படித் தப்பவில்லை. உடையார்பாளையத்துக்குக் கிழக்கே, கங்கைகொண்ட சோழபுரத்து மாளிகைமேட்டைத் தோண்டியபோது அரண்மனையின் செங்கற்சுவர்கள் வெளிவந்தன. சுவர் மண்ணுக்குள் காத்திருக்கும், தோட்டம் காத்திருக்காது. கவனிப்பு நின்ற சில ஆண்டுகளில் அது காடாகவோ கட்டாந்தரையாகவோ ஆகிவிடும். ரிகுகியென் தப்பியது, பிரபுக்கள் காலம் முடிந்தபின் ஒரு தொழிலதிபர் குடும்பம் வாங்கிப் பேணி, 1938இல் டோக்கியோ நகருக்கே கொடுத்துவிட்டதால்தான். இன்று சீட்டு வாங்கிக்கொண்டு யாரும் உள்ளே நடக்கலாம். நம் இலவந்திகையோ அரசனோடு போயிற்று.

நந்தவனம் அப்படிப் போகவேண்டியதில்லை, அது இன்னும் கையெட்டும் தூரத்தில் இருக்கிறது. சொல் எல்லோர் வாயிலும் இருக்கிறது, மதிலை ஒட்டிய இடமும் பல கோயில்களில் இருக்கிறது. இல்லாதது செடியும் நீரும்தான். பூ மூட்டைகட்டி வெளியூர்ச் சந்தையிலிருந்து பேருந்தில் வருகிறது. உங்கள் ஊர்க் கோயிலில் நந்தவனம் என்று பெயர் மட்டும் மிஞ்சிய ஓர் இடம் இருந்தால், அதற்கென விட்ட நிலம் எது, தண்ணீர் எங்கிருந்து வந்தது என்று ஊர்ப் பெரியவர்களிடம் இப்போதே கேட்டு எழுதி வையுங்கள். பிறகு முதல் வேலையாக ஒரு பவழமல்லிக் கன்றை நடுங்கள்.