அலமைனில் எரிந்த சிதை

மலர்க் குழு நண்பர் தொலைபேசியில் அழைத்து, "நீ வரலாறு படிச்சவன், ஏதாவது எழுதிக் கொடுப்பா" என்று கேட்டபோது, விடுதி நாட்களைப் பற்றி எழுதலாம் என்றுதான் முதலில் எண்ணினேன். அதை எழுதப் பலர் இருப்பார்கள். எனவே நான் போய் வந்த ஒரு பயணத்தைப் பற்றி எழுதுகிறேன். எகிப்துப் பாலைவனத்தில் முடிந்த அந்தப் பயணம் நம் கல்லூரி வகுப்பில்தான் தொடங்கியது.

ராயக்கோட்டையில் கொடுத்த வீட்டுப்பாடம்

1983ஆம் ஆண்டு. இரண்டாம் ஆண்டு மாணவர்களாகிய எங்களை வரலாற்றுத் துறை சார் ராயக்கோட்டை மலைக்கு அழைத்துச் சென்றார். மேலே நின்று பாராமகால் வரலாற்றைச் சொன்னார். மூன்றாம் மைசூர்ப் போரில், 1791 ஜூலையில், மேஜர் கௌடியின் படை இந்தக் கோட்டையைப் பிடித்தது. அதே ஆண்டு நவம்பரில் கிருஷ்ணகிரி மலைக்கோட்டையைத் தாக்கிய கர்னல் மாக்ஸ்வெல் தோற்றுத் திரும்பினார். 1792இல் ஸ்ரீரங்கப்பட்டண உடன்படிக்கையின்படி பாராமகால் கம்பெனியின் கைக்குப் போனது. நாங்கள் எல்லாவற்றையும் நோட்டில் எழுதிக்கொண்டோம்.

இறங்கி வரும்போது ஒரு வயல் ஓரம் புளியமரத்தடியில் ஒரு நடுகல். மஞ்சள் குங்குமம் வைத்து வேடியப்பன் என்று அந்த ஊர்க்காரர்கள் கும்பிட்டு வந்தார்கள். சார் அங்கே நின்றார்.

"கோட்டையைப் புடிச்சவன் பேரு எழுதிக்கிட்டீங்க. அதுல செத்தவன் பேரு ஒண்ணாவது தெரியுமா? நம்ம ஊர் நடுகல்லு அப்படி இல்லடா. மாட்டை மீட்கப் போய்ச் செத்தவன் பேரைக்கூட வெட்டி வெச்சிருக்கான்."

அவர் சொன்னது உண்மை. செங்கம், தருமபுரி, கிருஷ்ணகிரிப் பக்கம் பல்லவர் காலத்து வட்டெழுத்து நடுகற்கள் ஏராளம். எந்த மன்னனுக்கு எத்தனையாவது ஆட்சியாண்டு, எந்த ஊர், யாருடைய சேவகன், எதற்காகப் பட்டான் என்று சில வரிகளில் முடிந்துவிடும். கல்லைத் தேர்வது முதல் நட்டு வாழ்த்துவது வரை ஒவ்வொரு படியையும் தொல்காப்பியம் வகுத்திருக்கிறது. ஆயிரத்து முந்நூறு ஆண்டுகளுக்கு முன் இறந்த ஒரு சாதாரணப் போர்வீரனின் பெயர் நமக்குத் தெரிகிறது என்றால் அதற்கு இந்தக் கற்களே காரணம்.

நான் சும்மா இருக்காமல், "எங்க வீட்லயும் ஒருத்தர் போர்ல செத்தாரு சார். ஆனா கல்லு எதுவும் இல்ல" என்றேன்.

"எங்க செத்தாரு?"

"தெரியல சார். மணல் ஊருன்னு எங்க ஆயா சொல்லும்."

"அப்போ தெரிஞ்சிக்கிட்டு வந்து சொல்லு" என்றார் சார். அந்த வீட்டுப்பாடத்தை முடிக்க எனக்கு 34 ஆண்டுகள் ஆயின!

பதக்கத்தின் பின்பக்கம்

இறந்தவர் என் தாத்தாவின் தம்பி. சின்னத் தாத்தா என்போம். மழை பொய்த்து, ராகியும் சரியாக விளையாத ஒரு வருடத்தில் பெங்களூருக்கு நடந்தே போய்ப் பட்டாளத்தில் சேர்ந்தாராம். சேர்ந்தது மதராஸ் ஸாப்பர்ஸ். 1780இல் இரண்டு பயனியர் கம்பெனிகளாகத் தொடங்கிய பழைய படைப்பிரிவு அது. இன்றும் அல்சூர் ஏரிப் பக்கம்தான் அதன் தலைமையிடம். இந்தப் படையினருக்கு இராணுவத்தில் வழங்கும் செல்லப்பெயர் 'தம்பி'. ஸாப்பர் என்றால் பாலம் கட்டுபவர், சாலை போடுபவர், தண்ணீருக்கு வழி செய்பவர், கண்ணிவெடியைத் தோண்டி எடுப்பவர். சண்டை போடுகிறவர்களுக்கு முன்னால் போய் வழி செய்து கொடுக்க வேண்டியவர்கள் இவர்கள்.

1942 கடைசியில் ஒரு தந்தி வந்தது. சில வருடங்கள் கழித்து ஒரு பதக்கம் வந்தது. உடல் வரவில்லை. எந்த ஊர், எந்த நாள் என்று படித்துச் சொல்ல வீட்டில் யாரும் இல்லை. தந்திக் காகிதத்தைக் கரையான் தின்றுவிட்டது. நாள் தெரியாததால் தை அமாவாசையன்று அவருக்கும் சேர்த்துப் படையல் போட்டார்கள். ஆயாவுக்குக் கடைசிவரை ஒரே கவலைதான். "கொள்ளி வெச்சாங்களோ, அப்படியே மணல்ல போட்டுட்டு வந்துட்டாங்களோ" என்று சொல்லிக்கொண்டே இருக்கும். 1996இல் ஆயாவும் போய்ச் சேர்ந்தது.

நான் ஓசூரில் ஒரு தொழிற்சாலையில் ஸ்டோர்ஸ் பிரிவில் சேர்ந்தேன். ஷிப்ட், ஓவர்டைம், பிள்ளைகளின் படிப்பு என்று காலம் ஓடியது. 2017இல் எங்கள் கம்பெனியிலிருந்து உதிரிபாகக் கிடங்கு வேலைக்காக ஆறு வாரம் எகிப்தின் அலெக்சாந்திரியா நகருக்குப் போகச் சொன்னார்கள். 'மணல் ஊர்' என்றதும் ஆயாவின் நினைவு வந்தது. பெட்டியைக் கிளறிப் பதக்கத்தை எடுத்தேன்.

ஆறு முனை நட்சத்திரம், 'ஆப்பிரிக்கா ஸ்டார்'. ரிப்பனின் மங்கிய மஞ்சள் நிறம் பாலை மணலைக் குறிக்குமாம். நட்சத்திரத்தைத் திருப்பினால் பின்பக்கம் பொடி எழுத்தில் ஓர் எண், பெயர், படைப்பிரிவு! அந்தப் போரில் பிரிட்டிஷ் வீரர்களுக்குக் கொடுத்த நட்சத்திரங்களைப் பெயர் பொறிக்காமல் கொடுத்தார்கள். இந்தியப் படையினருக்குக் கொடுத்தவற்றில் பொறித்திருந்தார்கள். இத்தனை வருடமும் அது எங்கள் வீட்டு இரும்புப் பெட்டியில்தான் கிடந்தது, நான்தான் திருப்பிப் பார்க்கவில்லை.

காமன்வெல்த் போர்க் கல்லறை ஆணையத்தின் பதிவேட்டை இப்போது கணினியிலேயே பார்க்கலாம். என் மகள் அந்த எண்ணைத் தட்டினாள். பெயர், தகப்பனார் பெயர், எங்கள் ஊர், 'சேலம் மாவட்டம்' (அன்று கிருஷ்ணகிரியும் ஓசூரும் சேலம் மாவட்டம்தானே), இறந்த நாள் 1942 நவம்பர் முதல் வாரத்தில் ஒரு தேதி. அதற்குக் கீழே: 'அலமைன் தகன நினைவிடம்'.

தகனம்! கொள்ளி வைத்திருக்கிறார்கள். கணினி முன்னால் உட்கார்ந்து அழுதேன் என்று சொல்வதில் எனக்கு வெட்கமில்லை.

பிசாசுத் தோட்டம்

அலெக்சாந்திரியாவிலிருந்து மேற்கே நூறு கிலோமீட்டருக்குச் சற்று மேல் எல் அலமைன். ஒரு வெள்ளிக்கிழமை போனேன். வடக்கே நீலக்கடல். தெற்கே சுமார் 60 கிலோமீட்டரில் கத்தாரா பள்ளம். கடல் மட்டத்துக்கும் கீழே கிடக்கும் உப்புச் சேறு. டாங்கி அதில் இறங்க முடியாது. ஆகவே இந்த 60 கிலோமீட்டர் இடைவெளியை அடைத்துக்கொண்டால் எதிரி சுற்றி வர வழியில்லை. சூயஸ் கால்வாயை நோக்கி வந்த ரோம்மலின் படையை இங்கே நிறுத்த முடிந்ததற்கு அதுவே காரணம்.

ரோம்மல் தன் முன்னால் ஏறக்குறைய ஐந்து லட்சம் கண்ணிவெடிகளைப் புதைத்து வைத்தார். அதற்குப் 'பிசாசுத் தோட்டம்' என்று பெயர். 1942 அக்டோபர் 23 இரவு மான்ட்கோமரியின் தாக்குதல் தொடங்கியபோது ஸாப்பர்கள்தான் முன்னே போனார்கள். கருவி இருந்தால் கருவி, இல்லாவிட்டால் துப்பாக்கிக் கத்தியால் மண்ணை மெல்லக் குத்திப் பார்த்து, வெடியை எடுத்து, வழியின் இரு பக்கமும் வெள்ளை நாடா கட்டிக்கொண்டே போக வேண்டும். தலைக்கு மேலே குண்டு பறக்கும். 4ஆவது இந்திய டிவிஷன் ருவைசாத் மேட்டில் நின்றது. அந்த டிவிஷனில் மதராஸ் ஸாப்பர்களின் 12ஆவது பீல்டு கம்பெனியும் 11ஆவது பீல்டு பார்க் கம்பெனியும் இருந்தன. நவம்பர் 4 அதிகாலை இந்தியாவின் 5ஆவது பிரிகேட் தாக்கித் திறந்த வழியாகப் படை உடைத்துக்கொண்டு வெளியேறியது. போர் முடிந்தது.

அந்த 11ஆவது கம்பெனியின் சுபேதார் சுப்பிரமணியம் பின்னர் இத்தாலிக்குப் போனார். 1944 பிப்ரவரி 24 அன்று மிக்னானோவில், உடனிருந்தவர்களைக் காப்பாற்ற வெடிக்கப்போகும் கண்ணியின் மேல் தானே விழுந்து உயிர் விட்டார். மறைவுக்குப் பின் ஜார்ஜ் கிராஸ் விருது கொடுத்தார்கள். தமிழ்நாட்டுப் பாடப்புத்தகத்தில் நான் அவர் பெயரைப் படித்ததில்லை.

கல்லறைத் தோட்டத்தில் 7,240 கல்லறைகள். அவற்றில் 815இல் பெயர் இல்லை. தளபதிக்கும் சிப்பாய்க்கும் ஒரே அளவுக் கல். ஜெர்மானியர்களுக்கும் இத்தாலியர்களுக்கும் சற்றுத் தள்ளித் தனித்தனி நினைவிடங்கள். ஒன்று கோட்டை போல, ஒன்று கோபுரம் போல. தோட்டத்தின் தென்கிழக்கு மூலையில் தகன நினைவிடம். அவரவர் சமய வழக்கப்படி எரியூட்டப்பட்ட அறுநூறுக்கும் மேற்பட்டோரின் பெயர்கள். விரலை வைத்துத் தேடினேன். இருந்தது!

ஓசூரிலிருந்து கொண்டுபோன கற்பூரத்தை ஏற்றக் கூடாதோ என்று தயங்கினேன். காவலாளி தூரத்திலிருந்து பார்த்துவிட்டு, "ஹிந்தி?" என்று கேட்டார். எங்கள் ஊர் ஆளா என்பதுபோல என் மார்பையும் கல்லையும் கைகாட்டினார். தலையசைத்தேன். அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டு அந்தப் பக்கம் நடந்துவிட்டார். கற்பூரம் காற்றில் நிற்கவில்லை, இரண்டு முறை அணைந்தது. மூன்றாவது முறை எரிந்தது. எப்படி இறந்தார் என்று எந்தப் பதிவிலும் இல்லை. ஆனால் அந்தச் சண்டையின் நடுவே, விறகில்லாத அந்த மணலில், யாரோ சில தம்பிகள் இன்னொரு தம்பிக்குச் சிதை அடுக்கியிருக்கிறார்கள்.

சீவா

அடுத்த வாரம் இரண்டு நாள் விடுப்பு கிடைத்தது. சீவா என்னும் பாலைவனச் சோலைக்குப் போனேன். (பெயரைக் கேட்டு நம் சிவாவைத் தேட வேண்டாம்!) கடற்கரை ஊரான மெர்ஸா மத்ரூவிலிருந்து தென்மேற்கே 300 கிலோமீட்டர், வெறும் பாலை. திடீரென்று பேரீச்ச மரக்காடு, ஒலிவ மரங்கள், ஊற்றுகள். கிருஷ்ணகிரி மாந்தோப்புக்குள் நுழைந்த மாதிரி கண்ணுக்கு ஒரு குளிர்ச்சி. உப்பும் களிமண்ணும் கலந்து கட்டிய ஷாலி கோட்டை நடுவில் கரைந்து நிற்கிறது. 1926இல் மூன்று நாள் பெய்த மழையில் கரைந்ததாம்.

கி.மு. 331இல் அலெக்சாந்தர் இங்கே வந்து அமோன் கோவிலில் குறி கேட்டான். அந்தக் கோவிலின் இடிபாடு ஆகூர்மி குன்றின் மேல் இருக்கிறது. அவனுக்கும் இருநூறு ஆண்டு முந்தி, பாரசீக மன்னன் காம்பைசிஸ் இந்தக் கோவிலை எரிக்க 50,000 பேரை அனுப்பினான் என்றும், அத்தனை பேரும் மணற்புயலில் மறைந்தார்கள் என்றும் ஹெரடோட்டஸ் எழுதியிருக்கிறார். உண்மையோ கதையோ, அந்த ஐம்பதாயிரத்தில் ஒரு பெயரும் நம்மிடம் இல்லை. அனுப்பியவன் பெயர் மட்டும் நிற்கிறது.

இரண்டாம் உலகப் போரும் சீவாவை விடவில்லை. 1940இல் இத்தாலிய விமானங்கள் குண்டு போட்டபோது மக்கள் 'இறந்தோர் மலை'யின் பழங்காலக் கல்லறைகளுக்குள் ஒளிந்தார்கள். அப்போதுதான் வண்ண ஓவியங்களோடு புதைந்திருந்த சில கல்லறைகள் வெளியே தெரிந்தன. அந்த மலைமேல் நின்று வடக்கே பார்த்தேன். கண்ணுக்கெட்டிய தூரம் மணல். சார் கேட்ட கேள்விதான் காதில் விழுந்தது: செத்தவன் பேரு தெரியுமா?

கல் நட்டோம்

முதல் உலகப் போருக்குப் பின் வெள்ளைக்காரர்கள் நம் ஊர்கள் சிலவற்றில் கல் பதித்தார்கள். இந்தக் கிராமத்திலிருந்து இத்தனை பேர் போருக்குப் போனார்கள், இத்தனை பேர் இறந்தார்கள் என்று எண்ணிக்கை மட்டும் இருக்கும். பெங்களூரில் பிரிகேட் ரோடும் ரெசிடென்சி ரோடும் சேரும் இடத்தில் மதராஸ் பயனியர் வீரர்களுக்கு ஒரு நினைவுத்தூண் நிற்கிறது. ஓசூர்க்காரர்கள் நாம் துணி எடுக்கப் போகும்போது அதைத் தாண்டித்தான் போகிறோம், நின்று பார்ப்பதில்லை. எண்ணிக்கை மனதில் நிற்காது. பெயர் நிற்கும். பல்லவர் காலத்துக் கிராமத்தானுக்கு இது தெரிந்திருந்தது.

ஊர் திரும்பியதும் எங்கள் பங்காளிகளைக் கூட்டிப் பேசினேன். 2018இல் வேடியப்பன் கோவில் பக்கத்தில் ஒரு சிறு கருங்கல் நட்டோம். பெயர், படை எண், இறந்த நாள், அலமைன் என்ற ஊர்ப் பெயர். வேறு எதுவும் வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். இப்போது படையல் தை அமாவாசையில் இல்லை, நவம்பரில் அவருடைய நாளில். கல்லை நட்ட அன்று என் பெரியம்மா, "ஆயா இருந்து பாத்திருக்கணும்" என்று ஒரே ஒரு வார்த்தை சொன்னார். அதற்கு என்னிடம் பதில் இல்லை. பெட்டியை முன்னமே திறந்திருந்தால் ஆயா பார்த்திருக்கும்.

இரண்டாம் உலகப் போரில் இந்தியப் படையில் 25 லட்சம் பேர் இருந்தார்கள். இதைப் படிக்கும் உங்கள் வீட்டிலும் 'பட்டாளத்துக்குப் போனவர்' ஒருவர் இருந்திருக்கலாம். தயவுசெய்து பெட்டியைத் திறந்து பாருங்கள். பதக்கம் இருந்தால் பின்பக்கமும் விளிம்பும் பாருங்கள். வயதானவர்கள் இருந்தால் இன்றைக்கே கேளுங்கள். இப்போது படிக்கும் மாணவ மாணவியரே, கிருஷ்ணகிரி அரசு அருங்காட்சியகத்தில் நடுகற்கள் இருக்கின்றன. ஒரு சனிக்கிழமை போய்ப் பாருங்கள். வரலாறு மன்னர்களுக்கு மட்டும் சொந்தமல்ல என்பது புரியும்.

சார் இப்போது நம்மோடு இல்லை. 1983இல் கொடுத்த வீட்டுப்பாடத்தை இந்த மலரின் வழியாக அவர் மேசையில் வைக்கிறேன். தாமதத்துக்கு மன்னிக்கவும், சார்.