லிப்ரெஎஸ்எஸ்எல்: பழைய இயங்குதளங்களைக் கைவிட்ட வரலாறு

இணையத்தில் கடவுச்சொற்களையும் பணப் பரிமாற்றங்களையும் மறைகுறியாக்கிக் காக்கும் மென்பொருள் நூலகங்களுள் ஒன்று ஓப்பன்எஸ்எஸ்எல். 1998-இல் தொடங்கிய இது, இயன்றவரை எல்லா இயங்குதளங்களிலும் இயங்கும் வகையில் வளர்ந்தது. விஎம்எஸ், ஓஎஸ்/2, நெட்வேர், பழைய மேக் ஓஎஸ், 16-பிட் விண்டோஸ் ஆகியனவும் அவற்றுள் அடங்கும்.

பழைய இயங்குதளங்கள் சிலவற்றில் சி மொழியின் அடிப்படைச் செயற்கூறுகள்கூட முழுமையாக இல்லை. எனவே ஓப்பன்எஸ்எஸ்எல் பலவற்றைத் தானே எழுதி வைத்துக்கொண்டது. குறையுள்ள கணினிகளுக்காகச் செய்த இந்த ஏற்பாடு குறையில்லாத கணினிகளிலும் ஓடியது என்பதே சிக்கல். சில இயங்குதளங்களில் நினைவக ஒதுக்கீடு மெதுவாக நடந்ததால், பயன்படுத்தி முடித்த நினைவகத் துண்டுகளைத் திருப்பித் தராமல் தன்னிடமே வைத்து மீண்டும் பயன்படுத்தியது. விடுவித்த நினைவகத்தை நிரல் தவறுதலாகத் தொட்டால் காட்டிக்கொடுக்கும் காவல் ஓப்பன்பிஎஸ்டி இயங்குதளத்தில் இருந்தது. நினைவகம் திரும்பி வராததால் அக்காவல் பயனற்றுப் போனது.

2014 ஏப்ரல் 7 அன்று ஹார்ட்பிளீட் என்னும் பிழை வெளியாயிற்று. ஒவ்வொரு கோரிக்கைக்கும் வழங்கியின் நினைவகத்திலிருந்து 64 கிலோபைட் வரை வெளியே கசிந்தது. தரவின் நீளத்தைச் சரிபார்க்கத் தவறியதே இதற்குக் காரணம். பழைய இயங்குதளங்கள் மீது இப்பழியைப் போட முடியாது. ஆயினும் பிழையைத் தேடி மூலநிரலைத் திறந்த ஓப்பன்பிஎஸ்டி நிரலாளர்கள் அதன் சிக்கலைக் கண்டு, அம்மாதமே லிப்ரெஎஸ்எஸ்எல் என்னும் தனிக்கிளையைத் தொடங்கினர். தொடக்க நாட்களிலேயே சுமார் 90,000 சி நிரல்வரிகள் நீக்கப்பட்டன. பைட்டுகளைத் தலைகீழ் வரிசையில் அடுக்கும் எக்ஸ்86-64 கணினிக்கான பகுதியும் அவற்றுள் ஒன்று. அப்படியொரு கணினி அப்போது இல்லை; என்றேனும் எவரேனும் உருவாக்கினால் உதவட்டும் என்று எழுதி வைத்திருந்தார்கள்!

பிற இயங்குதளங்களுக்கான முதல் பதிப்பு 2014 சூலை 11 அன்று வந்தது. இதில் அணுகுமுறை தலைகீழானது. மூலநிரல் நவீனச் செயற்கூறுகளை நம்பியே எழுதப்பட்டது. அவை இல்லாத இயங்குதளத்துக்கு மட்டும் தனிக் கோப்புகளில் மாற்று தரப்பட்டது.

இம்முறைக்கும் சோதனை வந்தது, அதுவும் லினக்சில். மறைகுறியாக்கத்துக்குத் தேவையான தற்போக்கு எண்களை லினக்சில் ஒரு சாதனக் கோப்பைத் திறந்தே பெற முடிந்தது. கோப்பைத் திறக்க இயலாத நிலையில், கைவிடப்படவிருந்த சிஸ்கன்ட்ரோல் என்ற பழைய அழைப்பையே லிப்ரெஎஸ்எஸ்எல் நாட வேண்டியிருந்தது. பழையதை வெட்டியெறிந்தவர்கள் பழையதிடமே போய் நின்றார்கள். அவர்கள் வேண்டியதன் பேரில், கோப்பின்றியே அவ்வெண்களைத் தரும் கெட்ரேண்டம் என்னும் புதிய அழைப்பு 2014 அக்டோபரில் வெளியான லினக்சு கருனி 3.17-இல் சேர்க்கப்பட்டது.