இலங்கையை விடப் பெரிய ஒரு கடல் எங்கே போனது?



சூழற்றொகுதிகள் பாடத்தில் மழைக்காடு, புல்வெளி, பாலைவனம், நன்னீர் என்று ஒவ்வொன்றாகப் படிப்பிக்கிறோம். எங்கே இருக்கிறது, என்ன காலநிலை, என்ன மிருகம், என்ன மரம் என்று பிள்ளைகளும் மனப்பாடமாக்கி விடுவார்கள். ஆனால் ஒரு சூழற்றொகுதி எப்படிச் சாகிறது, செத்தது திரும்பி வருமா என்ற கேள்விக்குப் பாடத்தில் இடம் குறைவு. அந்தக் கேள்விக்கு உலகத்திலேயே தெளிவான பதில் வைத்திருக்கும் இடம் ஆரல் கடல். கொஞ்சம் நீளமான பதிவு. பொறுமையாக வாசியுங்கள்.

பெயர்தான் கடல். உண்மையில் அது ஏரி. கஸகஸ்தானுக்கும் உஸ்பெகிஸ்தானுக்கும் இடையில், எந்தச் சமுத்திரத்தோடும் தொடர்பில்லாமல், பாலைவனத்தின் நடுவில் இருந்த நீர்ப்பரப்பு. 1960இல் அதன் அளவு ஏறக்குறைய 68,000 சதுர கிலோமீற்றர். நம் இலங்கை 65,610 சதுர கிலோமீற்றர். முழு இலங்கையையும் தூக்கி உள்ளே வைத்தாலும் ஓரத்தில் இடம் மிஞ்சியிருக்கும். உலகின் ஏரிகளில் அன்று அது நான்காவது பெரியது.

அந்தப் பகுதியில் மழை மிகக் குறைவு. கோடையில் கடும் வெயில், குளிர்காலத்தில் நீர் உறையும் குளிர். பிறகு இவ்வளவு தண்ணீர் எங்கிருந்து வந்தது? இரண்டு ஆறுகளிலிருந்து. பாமிர் மலைப் பனியிலிருந்து அமூ தர்யா, தியென்ஷான் மலைப் பனியிலிருந்து சிர் தர்யா. இரண்டும் பாலைவனத்தைக் கடந்து வந்து ஆண்டுக்கு சுமார் 55 கன கிலோமீற்றர் நீரைக் கடலில் சேர்த்தன. வெயிலில் ஆவியாகிப் போவதை அந்த ஆற்று நீர் ஈடுசெய்தது. வரவும் செலவும் சரியாக இருக்கும் வரை கடல் இருக்கும். வரவை நிறுத்தினால் கடல் இல்லை. இந்தக் கதை முழுவதும் இந்த ஒரு கணக்குத்தான்.

இந்தப் பூமி நமக்கு அந்நியமானதும் அல்ல. அரபுப் புவியியலாளர்கள் அமூ தர்யாவை ஜைஹூன் என்றும் சிர் தர்யாவை ஸைஹூன் என்றும் எழுதினார்கள். ஆரல் கடலை குவாரிஸ்ம் கடல் என்றார்கள். ஆற்றுக்கு அப்பாலுள்ள நாட்டுக்கு மாவராஉன் நஹ்ர் என்று பெயர். இமாம் புகாரி (ரஹ்) பிறந்த புகாரா அங்கேதான். இமாம் திர்மிதி (ரஹ்) அவர்களின் திர்மித் நகரம் அமூ தர்யாவின் கரையிலேயே இருக்கிறது. அல்-குவாரிஸ்மியின் பெயரிலேயே அந்தப் பிரதேசம் இருக்கிறது. அல்-பிரூனி 973இல் பிறந்ததும் குவாரிஸ்மில்தான். இந்த ஆறுகளின் தண்ணீரைக் குடித்து வளர்ந்த ஊர்களிலிருந்து வந்த அறிவைத்தான் நாம் இன்றும் மதரஸாவிலும் கணித வகுப்பிலும் படிக்கிறோம்.

ஆறுகள் கடலில் சேரும் கழிமுகங்களில் துகாய் என்ற ஆற்றங்கரைக் காடுகள் இருந்தன. நெட்டிலிங்கத்தின் இனத்தைச் சேர்ந்த பொப்லர் மரங்கள் என்று சிலர் தவறாகச் சொல்வார்கள். பொப்லர் வேறு இனம், உப்பையும் வெள்ளத்தையும் தாங்கி நிற்பது. அதோடு வில்லோ மரங்கள், ஆளை மறைக்கும் நாணல். அந்த நாணலுக்குள் காட்டுப்பன்றியும் புகாரா மானும் இருந்தன. அவற்றை வேட்டையாட கஸ்பியன் புலியும் இருந்தது. பாலைவன நாட்டில் புலியா என்று பிள்ளைகள் ஆச்சரியப்படுவார்கள். இருந்தது. வேட்டையாலும் காடு அழிந்ததாலும் கடந்த நூற்றாண்டில் அந்தப் புலி உலகத்தை விட்டே மறைந்து விட்டது.

கடலின் உப்பு, சமுத்திர உப்பில் மூன்றிலொரு பங்குக்கும் குறைவு, லீற்றருக்கு 10 கிராம் அளவு. அதனால் நன்னீர் மீன்கள் தாராளமாக வாழ்ந்தன. 1921இல் வொல்கா ஆற்றுப் பக்கம் பெரும் பஞ்சம் வந்தபோது லெனின் ஆரல் மீனவர்களிடம் உதவி கேட்டு எழுதினார். அவர்கள் 14 ரயில் பெட்டிகள் நிறைய மீன் அனுப்பினார்கள். அரால்ஸ்க் ரயில் நிலையச் சுவரில் அந்தச் சம்பவம் சித்திரமாக இருக்கிறது. 1950களின் பிற்பகுதியில் ஆண்டுக்கு 40,000 தொன்னுக்கும் மேல் மீன் பிடிபட்டது. வடக்கில் அரால்ஸ்க், தெற்கில் முய்னாக், இரண்டும் துறைமுக நகரங்கள். முய்னாக்கில் பெரிய டின் மீன் தொழிற்சாலை.

பிறகு வந்தது பருத்தி. அமெரிக்க உள்நாட்டுப் போரில் (1861-1865) அமெரிக்கப் பருத்தி தடைப்பட்ட காலத்திலிருந்தே ரஷ்யாவின் கண் மத்திய ஆசியாவின் மேல் இருந்தது. 1865இல் தாஷ்கந்தைப் பிடித்தார்கள். சோவியத் ஆட்சியில் பருத்திக்கு ‘வெள்ளைத் தங்கம்’ என்று பெயர் வந்தது. பழத்தோட்டமும் தானிய வயலும் பருத்தி நிலமாகின. 1954இல் கரகூம் கால்வாய் வெட்டத் தொடங்கினார்கள். 1,300 கிலோமீற்றருக்கும் மேல் நீளம். பெரும்பகுதி பூச்சில்லாத வெறும் மண் கால்வாய். எடுத்த தண்ணீரில் பெரும் பங்கு வயலுக்குப் போகாமல் மணலுக்குள் இறங்கியது. 1960இல் சுமார் 45 இலட்சம் ஹெக்டேயராக இருந்த பாசன நிலம், 1990 ஆகும்போது 70 இலட்சத்தைத் தாண்டியது.

கடல் வற்றும் என்று தெரியாமல் செய்தார்களா? இல்லை. திட்டமிட்டவர்களுக்குத் தெரியும். மீனை விடப் பருத்திக்கு விலை அதிகம், கடலில் ஆவியாகும் தண்ணீர் வீண் என்பதுதான் அவர்களின் கணக்கு. காகிதத்தில் அது இலாபம். அந்தக் கணக்கில் மீனவனின் பெயரும் இல்லை, காற்றும் இல்லை, பிள்ளைகளின் நெஞ்சும் இல்லை.

1960களில் கடல் மட்டம் ஆண்டுக்கு 20 சென்ரிமீற்றர் அளவில் இறங்கியது. 1980களில் ஆண்டுக்கு 80, 90 சென்ரிமீற்றர். சில ஆண்டுகள் ஆறுகளிலிருந்து கிட்டத்தட்ட எதுவுமே வந்து சேரவில்லை. மீனவர்கள் விலகிப்போகும் கடலைத் துரத்தி வாய்க்கால் வெட்டினார்கள். ஒரு கட்டத்தில் அதையும் விட்டார்கள். கப்பல்கள் நின்ற இடத்திலேயே மணலில் நின்றன. தொழிற்சாலையை மூடக்கூடாது என்று பல்டிக் கடல் போன்ற தூரத்துக் கடல்களிலிருந்து உறைந்த மீனை ரயிலில் கொண்டு வந்து டின்னில் அடைத்தார்கள். கடல் மீனவனின் ஊருக்கு ஆயிரக்கணக்கான கிலோமீற்றர் தாண்டி மீன் வந்த கொடுமை அது.

1980களின் இறுதியில் கடல் வடக்கு, தெற்கு என்று இரண்டாகப் பிரிந்தது. உப்பு மூன்று மடங்கானது. சுதேச மீன்கள் அழிந்தன. 2014இல் தெற்குக் கடலின் கிழக்குப் பகுதி முழுவதும் காய்ந்தது. கடல் இருந்த இடம் இன்று அரால்கூம் என்ற புதுப் பாலைவனம். காற்று வீசினால் உப்பும், பருத்தி வயலிலிருந்து ஆற்றோடு வந்து படிந்த பூச்சிகொல்லியும் தூசியாகப் பறக்கிறது. கரகல்பக் மக்களிடம் இரத்தச்சோகையும் சுவாச நோய்களும் கூடின. காலநிலையும் மாறியது. பெரிய நீர்ப்பரப்பு கோடை வெயிலையும் குளிர்காலக் குளிரையும் தணித்துக் கொண்டிருந்தது. அது போன பிறகு கோடை இன்னும் சூடு, குளிர்காலம் இன்னும் குளிர். பயிர் வளரும் காலமும் சுருங்கியது. எந்தப் பருத்திக்காகக் கடலைக் கொன்றார்களோ அந்தப் பருத்தி நிலத்திலேயே உப்பு ஏறியது.

இத்தோடு கதை முடிந்திருந்தால் இதை எழுதியிருக்க மாட்டேன்.

கடல் வற்றிய தரையில் ஒரு பழைய கட்டடத்தின் அடையாளம் வெளிப்பட்டது. கெர்தேரி என்ற இடத்தில், ஏறக்குறைய 14ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த ஒரு முஸ்லிம் அடக்கஸ்தலம். அதாவது அந்தக் காலத்திலும் கடல் வற்றியிருக்கிறது, கடலின் தரையில் மனிதர்கள் குடியிருந்திருக்கிறார்கள். பிறகு ஆறு திரும்பி வந்தது, கடலும் திரும்பி வந்தது.

1990களில் வடக்குப் பக்கத்து மக்கள் அதையே முயற்சித்தார்கள். தண்ணீர் தெற்கே வழிந்து வீணாகாமல் மண்ணால் அணை கட்டினார்கள். உடைந்தது. மறுபடி கட்டினார்கள். 1999இல் புயலில் அடித்துக்கொண்டு போனது. ஆனால் அணை நின்ற கொஞ்சக் காலத்திலேயே தண்ணீர் ஏறியதை எல்லோரும் கண்டார்கள். அதன் பிறகுதான் கஸகஸ்தான் அரசும் உலக வங்கியும் சேர்ந்து சுமார் 13 கிலோமீற்றர் நீளத்தில் கொக்காரல் அணையைக் கட்டின. 2005இல் முடிந்தது. பல ஆண்டுகள் எடுக்கும் என்று நினைத்த நீர்மட்டம் ஒரு வருடத்துக்குள் 42 மீற்றருக்கு ஏறியது. உப்பு குறைந்தது. ஆற்றில் தப்பியிருந்த மீன்கள் கடலுக்கு இறங்கின. இன்று வடக்கு ஆரலில் ஆண்டுக்கு ஆயிரக்கணக்கான தொன் மீன் பிடிபடுகிறது. ஊரை விட்டுப் போன சிலர் வலையோடு திரும்பி வந்தார்கள்.

தெற்கில் அப்படி நடக்கவில்லை. அமூ தர்யாவின் நீர் இன்னும் வயல்களுக்கே போகிறது. உஸ்பெகிஸ்தான் காய்ந்த தரையில் சக்சவுல் என்ற பாலைவனச் செடியை நட்டு மணலைப் பிடித்து வைக்கப் பார்க்கிறது. கடல் வராது, தூசியாவது அடங்கட்டும் என்று. 2022இலிருந்து ஆப்கானிஸ்தானும் அதே ஆற்றிலிருந்து 285 கிலோமீற்றர் நீளமான கோஷ் தெபா கால்வாயை வெட்டுகிறது. வறுமையில் இருக்கும் அந்த மக்களுக்கும் தண்ணீரில் உரிமை இருக்கிறது. அதை மறுக்க முடியாது. ஆனால் அந்தக் கால்வாயும் பூச்சில்லாத மண் கால்வாய் என்றால், 1954இன் பாடத்தை யாரும் படிக்கவில்லை என்றுதான் அர்த்தம்.

விவசாயம் வேண்டாம் என்று நான் சொல்ல வரவில்லை. வயலை நம்பியவனும் கடலை நம்பியவனும் ஒரே ஸஃப்பில் நின்று தொழும் ஊர்கள் நம்முடையவை. ஆற்றின் மேற்பக்கம் தண்ணீரைத் திருப்பும்போது கீழ்ப்பக்கம் யார் இருக்கிறார்கள் என்று கேட்க வேண்டும். வாய்க்காலில் கசிவது எவ்வளவு என்று பார்க்க வேண்டும். வுழூவில் கூட இஸ்ராஃப் கூடாது என்று சின்ன வயதிலேயே படித்த சமூகத்துக்கு இது புதுப் பாடமும் அல்ல.

வீட்டில் பழைய உலகப் படம் இருந்தால் பிள்ளைகளுக்கு ஆரல் கடலைக் காட்டுங்கள். பிறகு கைபேசியில் இன்றைய செய்மதிப் படத்தையும் காட்டுங்கள். வடக்கில் மிஞ்சியிருக்கும் அந்த நீலத் துண்டு ஏன் இருக்கிறது என்று கேளுங்கள். அவர்களே பதில் சொல்வார்கள், இன்ஷா அல்லாஹ்.

வஸ்ஸலாம்.